சிலிண்டர் வராத ஐப்பசி

வியாழக்கிழமை சோறு பாதி வெந்தபோது
அடுப்பு நீலமாய் ஒருமுறை விக்கியது.
அவ்வளவுதான்.
எண்ணை அழுத்தினால்
"உங்கள் பதிவு ஏற்கப்பட்டது" என்கிறது
மலையே ஏறியிராத ஒரு பெண்குரல்.
குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்து
லாரி நிற்கிறதாம், இரண்டு நாளாய்.
இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறது,
கரண்ட் இல்லை.
கோத்தகிரியில் மழை வந்தால்
முதலில் நனைவது மின்சாரம்தான்.

விடிந்தால் தீபாவளி.
லீவு கிடைக்காத குற்றத்தை
யார் கணக்கில் எழுதுவது என்று
நானும் கழுகாசலமும் சண்டை போட்டு முடித்து
ஒரு வாரமாய்ப் பேசாமல் இருக்கிறோம்.
அவன் கம்பளிக்குள் இருந்தான்.
நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலமாரியைத் துழாவினேன்.

பொட்டுக்கடலை ஒரு படி தேறும்.
பேரீச்சம்பழம், பாதி தின்றது.
ஒரு தேங்காய்.
மேரி பிஸ்கட் ஒன்றரைப் பாக்கெட்,
உடைத்தால் உடையாது, வளையும்.
தீக்குச்சியே நமுக்கிற ஊர் இது,
பிஸ்கட்டை மட்டும் குறை சொல்லக் கூடாது.

தீ காணாத பலகாரம்.
அம்மா கேட்டால்
அதற்குப் பெயர் ஊறுகாய் என்பாள்.

மிக்ஸி ஊமை.
டீக்கு இஞ்சி தட்டுகிற சின்ன உரலில்
ஒவ்வொரு பிடியாய்ப் போட்டு இடித்தேன்.
சர்க்கரையைக் கவரில் கட்டி
சப்பாத்திக் கட்டையால் நசுக்கினேன்.
கொட்டை எடுத்த பேரீச்சை
விரலை விடமாட்டேன் என்றது.
பிஸ்கட் மட்டும் சொன்னபடி கேட்டது.

நெய்தான் மறுத்தது.
கோவில்பட்டியில் எங்கள் நெய்
பாட்டிலைச் சாய்த்தால்
கூப்பிட்ட நாய்க்குட்டியாய் ஓடிவரும்.
இங்கே கரண்டியை வளைத்துவிட்டு
வெள்ளைக் கல்லாய் உட்கார்ந்திருக்கிறது.
உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன்.
ஊதினேன்.
திட்டியும் பார்த்தேன்.

கழுகாசலம் எழுந்து வந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டிலைப் பிடுங்கி
ஸ்வெட்டருக்குள், பனியனுக்கும் உள்ளே,
வெறும் வயிற்றோடு வைத்துக்கொண்டான்.
"ஐயோ" என்றான்.
ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் சொல்.

அடைக்கோழி மாதிரி மூலையில் குந்தினான்.
"உருகிருச்சா?"
"ஓரம் மட்டும்."
வேலிக்கு அப்பால் காட்டெருமை ஒன்று
இருட்டை மென்றுகொண்டு பெருமூச்சு விட்டது.
வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி
அதற்குப் பிடித்திருக்க வேண்டும்.
"இப்ப?"
"அவசரப்பட்டா அடி பிடிச்சிரும்" என்றான்.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அவன் சூட்டோடு அது மாவில் இறங்கியது.
நான்கு கைகள் பிசைந்தோம்.
ஏலக்காய் எங்கே என்று தேடியதில்
லீவு விஷயம் மறுபடி எழுந்தது,
ஆனால் கையெல்லாம் மாவு,
சுட்டிக்காட்ட ஒரு விரல்கூட மிச்சமில்லை.
உருட்டியதைத் தட்டில் அடுக்கி
ஜன்னல் விளிம்பில் வைத்தோம்.
மலை முழுக்க ஃபிரிட்ஜ்.
குரங்குக்குப் பயந்து கொக்கியை மாட்டினோம்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் வந்தது.
எப்போதோ அமுக்கி அணைக்க மறந்த மிக்ஸி
வெறும் வயிற்றோடு அலறியது.
வெளிச்சத்தில் பார்த்தால்
இருபத்தாறு உருண்டையில்
ஒன்றுகூட உருண்டை இல்லை.
சிலது டார்ச் வடிவம்.
ஒன்றில் அவன் கட்டைவிரல் ரேகை
அப்படியே, பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி.

காலையில் எண்ணெய்த் தலையோடு கதவைத் திறந்தால்
மழைக்கோட்டில் பெள்ளிராஜ்,
தோளில் சிலிண்டர்.
"ராத்திரி மூணுக்குத்தான் ரோடு விட்டாங்கக்கா."
தட்டை நீட்டினேன்.
ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.
"இஞ்சி போட்டீங்களா?
நெய் மட்டும் சரியான பதம்.
கேஸும் இல்லாம இந்தக் குளிர்ல
எதுலக்கா உருக்குனீங்க?"

நான் பதில் சொல்லவில்லை.
கழுகாசலம் ஸ்வெட்டரில்
தொப்புளுக்கு மேலிருந்த எண்ணெய் வட்டத்தைக்
கையால் மூடிக்கொண்டான்.

"கீழ வண்டியில இன்னும் ரெண்டு பேரு"
என்று பெள்ளிராஜ் மறுபடி கை நீட்டினான்.
சிலிண்டர் வாசலிலேயே நின்றது வெகுநேரம்,
மழையில்,
உள்ளே உருட்ட யாருக்கும் தோன்றாமல்.